விமானத்தில் பாய் விரித்தவள்

என் சின்னம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் யாராவது அவளிடம் "கூடாது" என்று சொல்லிவிட்டால் போதும், "எங்க எழுதியிருக்கு? காட்டுங்க" என்று கேட்டுவிட்டு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றுவிடுவாள். எதிரில் நிற்பவர் பஸ் கண்டக்டரானாலும் பங்குச் சாமியாரானாலும் அவளுக்கு ஒன்றுதான்.

எங்கள் ஊர் ஆவூருக்குப் பக்கத்தில். கோடையில் ஊர்க் கிணறெல்லாம் வற்றிவிடும், மாதா கோயில் பங்களாக் கிணற்றில் மட்டும் தண்ணீர் கிடக்கும். ஒரு பங்குனியில் கோயில் உபதேசியார் வந்து, "இது சாமியார் பொழங்குற கெணறு, ஊர்ச்சனம் எறைக்கக் கூடாது" என்றார். சின்னம்மா வாளியை இறக்கியபடியே, "எங்க எழுதியிருக்கு?" என்றாள். அவரும் ரோஷக்காரர். மறுநாள் காலையில் ஒரு பலகையில் சுண்ணாம்பால் எழுதிக் கிணற்றடி வேம்பில் அடித்துவிட்டார். சின்னம்மா குடத்தோடு போய் அதை அண்ணாந்து பார்த்தாள். "எழுத்து நல்லாத்தான் இருக்கு. ஆனா எனக்குப் படிக்கத் தெரியாதே உபதேசியாரே" என்று சொல்லிவிட்டு நாலு குடம் இறைத்துக்கொண்டு வந்தாள். அன்றிலிருந்து எங்கள் தெருவில் பாதிப் பெண்களுக்குப் படிக்கத் தெரியாமல் போய்விட்டது.

இன்னொரு முறை கீரனூரில் பஸ் ஏறினோம். அவள் கையில் கால் கட்டிய கோழி ஒன்று. கோழியெல்லாம் ஏற்றக் கூடாது என்றார் கண்டக்டர். அவள் வழக்கமான கேள்வியைக் கேட்டாள். அந்த மனிதர் பஸ்ஸுக்குள் எழுதியிருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினார். கோழியைப் பற்றி எங்கும் இல்லை. கடைசியில், "கரம் சிரம் புறம் நீட்டாதீர்" என்று படித்துவிட்டு நிறுத்தினார். "அம்புட்டுத்தானே? கோழி சிரம் நீட்டாம நான் பாத்துக்கிறேன்" என்று கோழியின் தலையை முந்தானைக்குள் செருகிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பஸ் முழுக்கச் சிரித்தது. எனக்குத்தான் மானம் போனது. எனக்கு அப்போது எட்டு வயது, அவளை எனக்குப் பிடிக்காது.

பிடிக்காததற்குக் காரணம் அவள் இல்லை. என்னைப் பெற்றவள் எனக்கு மூன்று வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். அப்பா சிங்கப்பூர்த் துறைமுகத்தில் ஒரு சரக்குக் கிட்டங்கியில் வேலை பார்த்தார். லீவில் வந்தவர் இவளைக் கட்டி வீட்டில் வைத்துவிட்டுக் கப்பல் ஏறினார். பிறகு லீவுக்கு ஒரு பிள்ளை என்று ஒரு தம்பியும் ஒரு தங்கையும் வந்தார்கள். ஊரில் எல்லாரும் என்னிடம், "அம்மான்னு கூப்புடுடி" என்று குத்திக்கொண்டே இருப்பார்கள். நான் வாயைத் திறக்க மாட்டேன். ஒருநாள் அவளே அவர்களை விரட்டினாள். "அவளுக்கு அம்மா ஒருத்தி இருந்தா. அந்த எடத்துல நான் எதுக்கு ஒக்காரணும்? சின்னம்மான்னே கூப்பிடட்டும்." அதற்குப் பிறகும் எனக்கு அவளைப் பிடித்துவிடவில்லை. ஆனால் சின்னம்மா என்று கூப்பிட ஆரம்பித்தேன்.

அப்பா எங்கள் எல்லாரையும் சிங்கப்பூருக்கு அழைத்துக்கொள்ளப் பெர்மிட் வாங்கி அனுப்பினார். அப்போதெல்லாம் அது லேசில் கிடைக்காது. புதிய ஆட்கள் வருவதை அங்கே வருஷத்துக்கு வருஷம் இறுக்கிக்கொண்டே வந்தார்கள். குறிப்பிட்ட தேதிக்குள் போய் இறங்காவிட்டால் அந்தக் காகிதம் செல்லாது, இன்னொன்று கிடைப்பது குதிரைக்கொம்பு. கப்பலுக்கு ஏற்பாடெல்லாம் முடிந்து, நார்த்தங்காய் ஊறுகாய் ஜாடி கட்டி, டெக்கில் விரிக்கப் புதுக் கோரைப்பாயும் வாங்கியாயிற்று. எங்கள் பக்கத்தில் கப்பல் ஏறிப் போனவர்கள் எல்லாரும் சொல்லும் புத்தி ஒன்றுதான். ஏணியில் ஏறினதும் ஓடு, காற்று வரும் இடமாகப் பார், சட்டென்று பாயை விரி. விரித்தவருக்குத்தான் இடம்.

கப்பலுக்கு எட்டு நாள் இருக்கும்போது எனக்கு அம்மை போட்டது.

நாங்கள் மாதா கோயில்காரர்கள்தான். ஆனாலும் அம்மை என்றால் வேப்பிலைதான். உள் அறையில் வேப்பிலைப் படுக்கையில் என்னைப் போட்டார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் பேசுவதெல்லாம் எனக்குக் கேட்டது. அம்மை கண்ட பிள்ளையைக் கப்பலில் ஏற்ற மாட்டார்கள். அடுத்த கப்பல் வருவதற்குள் பெர்மிட் தேதி முடிந்துவிடும். அப்பாவுக்குத் தந்தி போயிற்று, பதிலும் வந்தது. பள்ளிக்கூடத்து வாத்தியார் அதைப் படித்தார். பெரியவளை ஊரில் விட்டுவிட்டு மற்றவர்கள் புறப்பட்டு வரவும் என்று அப்பா அடித்திருந்தார்.

என்னை விட்டுவிட்டுப் போகலாம் என்று சொன்னவர்கள் இன்று ஒருவரும் உயிரோடு இல்லை. இருந்தாலும் எனக்குக் கோபம் போகவில்லை, போக வேண்டியதும் இல்லை. அப்பாவின் தம்பியான சித்தப்பா தங்கமான மனிதர் என்று ஊரெல்லாம் பேர். அந்தத் தங்கமான மனிதர்தான், "கன்னியாஸ்திரி மடத்துப் போர்டிங்ல சேத்துருவோம் மதினி. நல்லாப் பாத்துக்குவாக. ரெண்டு பிள்ளை வாழ்க்கைய ஒருத்திக்காகக் கெடுக்காதீக" என்றார். நான் அழவில்லை. எனக்கு முன்னமே தெரியும் என்பதுபோல் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

அப்போது சின்னம்மாவின் குரல் கேட்டது. "வாத்தியாரே, பெர்மிட்டை எடுங்க. அதுல எத்தனை பேரு எழுதியிருக்கு?"

"மனைவி ஒருத்தர், பிள்ளைக மூணு பேரு."

"நாலு பேருன்னு எழுதியிருந்தா நாலு பேரு போறோம்."

"கப்பல்ல ஏத்த மாட்டான் மதினி. எத்தனை தடவை சொல்றது?" என்றார் சித்தப்பா.

"கப்பல்லதான் வரணும்னு அதுல எழுதியிருக்கா?"

காகிதம் சரசரத்தது. வாத்தியார் காகிதத்தை முன்னும் பின்னும் திருப்பிப் படித்திருக்க வேண்டும். பிறகு, "அப்பிடி ஒண்ணும் போடலயேம்மா" என்றார்.

"அப்ப ஏரோப்ளேன்ல போறோம்" என்றாள் சின்னம்மா. திருச்சியைத் தாண்டி அறியாதவள் அவள். ஏதோ கீரனூர் சந்தைக்குப் போய்வருகிறேன் என்பதுபோல் சொன்னாள்.

அடுத்த நாள் அவள் என் பக்கத்தில் வந்து வேப்பிலையால் தடவிக்கொடுத்தபோது, கழுத்தில் தாலியைத் தவிர ஒன்றும் இல்லை, காதும் மூளியாக இருந்தது. அதைப் பற்றி அவள் ஒரு நாளும் பேசியதில்லை, நானும் இதோடு விடுகிறேன்.

அம்மை இறங்கி மூன்று தண்ணீர் ஊற்றியதும் என்னைத் திருச்சி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். டாக்டர் பார்த்துவிட்டு, "எல்லாம் ஆறிப்போச்சு, பயப்படாமப் போங்க" என்றார். "வாயால சொன்னா யாரு நம்புவா? எழுதிக் குடுங்க" என்றாள். அவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். மறுநாளும் போனோம், அதற்கு மறுநாளும் போனோம். மூன்றாம் நாள் அவர் எங்களைத் தூரத்தில் பார்த்ததுமே பேனாவை எடுத்துவிட்டார். பிறகு சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்தில் என் முகத்தைப் பார்த்து எங்களை ஒதுக்கி நிறுத்திய டாக்டரிடம் அந்தக் காகிதத்தைத்தான் நீட்டினாள். அவர் இரண்டு முறை படித்துவிட்டு எங்களைப் போகச் சொன்னார்.

சித்தப்பா திருச்சி ஸ்டேஷன் வரைக்கும் வந்தார். ரயில் கிளம்பும் நேரத்தில் ஜன்னல் வழியாக, "இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல மதினி. இவளை நான் கூட்டிக்கிட்டுப் போயிரவா?" என்று கேட்டார். சின்னம்மா ஜன்னல் கதவை இறக்கினாள். அவர் கை நசுங்காமல் தப்பியது அவருடைய அதிர்ஷ்டம்.

இப்போது என் மருமகள் கைப்பிள்ளையோடு விமானம் ஏறுவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே பட்டியல் போடுகிறாள். போடட்டும், நான் குறை சொல்லவில்லை. எங்களோடு வந்தவை ஒரு டிரங்குப் பெட்டி, ஊறுகாய் ஜாடி, பழந்துணி மூட்டை, ஒரு பாய். விமான ஏணி தெரிந்ததும் சின்னம்மா தங்கையை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள், தம்பியின் கையை என் கையோடு சேர்த்து முந்தானையால் முடிந்தாள், பாயைக் கக்கத்தில் வைத்தாள். "ஓடுங்கடா" என்றாள். நாங்கள் ஓடினோம். கோட்டுப் போட்ட ஆட்களை முட்டித் தள்ளிக்கொண்டு எல்லாருக்கும் முன்னால் ஏறினோம். உள்ளே பின்பக்கம் ஆளில்லாத ஓர் இடுக்கு இருந்தது. சடாரென்று பாயை விரித்து எங்களை உட்காரவைத்துவிட்டு, வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "எடம் புடிச்சாச்சு" என்றாள்.

விமானப் பணிப்பெண் சென்னைக்காரி, புடவை கட்டி அழகாக இருந்தாள். ஓடி வந்து, "அம்மா, இங்க பாய் போடக் கூடாது. ஒங்களுக்கு ஸீட் இருக்கு" என்றாள்.

"பாய் விரிக்கக் கூடாதுன்னு எங்க எழுதியிருக்கு?"

அந்தப் பெண் சுற்றுமுற்றும் தேடினாள். பாவம், யாரும் அப்படி ஒன்றை எழுதிவைக்க நினைத்திருக்க மாட்டார்கள். கடைசியில், "கிளம்பும்போது எல்லாரும் பெல்ட் போடணும், அது எழுதியிருக்கு" என்று ஒரு விளக்குப் பலகையைக் காட்டினாள். எழுதியிருக்கிறது என்றதும் சின்னம்மா எழுந்துவிட்டாள். பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டாள். ஆகாயத்துக்குப் போனதும் அதையே எங்கள் காலடியில் விரித்துத் தம்பியைப் படுக்கவைத்தாள், அவன் சுகமாகத் தூங்கினான்.

அதற்கு முன்னால் பட்ட பாடு கொஞ்சமில்லை. விமானம் மேலே ஏற ஏறக் காது அடைத்தது. தம்பி அலறினான், தங்கை அலறினாள், நான் வாந்தி எடுத்தேன். அதைச் சின்னம்மா மடியில் ஏந்திக்கொண்டாள். ஜாடியைத் திறந்து எனக்கும் தம்பிக்கும் ஆளுக்கொரு நார்த்தங்காய்த் துண்டைக் கொடுத்து, "கடிக்காதீங்க, சப்பி சப்பி முழுங்குங்க" என்றாள். காது திறந்தது. அதை அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, கப்பல் வாந்திக்கு என்று கொண்டுவந்ததுதான் அது. முன் ஸீட்டிலிருந்த ஒரு பெரியவர் திரும்பி, "சின்னப் பிள்ளைகளை வச்சுக்கிட்டு எதுக்கும்மா ப்ளேன்ல வாரீங்க? மத்தவங்க நிம்மதியா வர வேணாமா?" என்றார்.

"பிள்ளைன்னா அழுவும். சத்தம் போடாம வர்றதுக்கு இதுக என்ன நெல்லு மூட்டையா?" என்றாள். பிறகு என்ன நினைத்தாளோ, அவருக்கும் ஒரு துண்டு நார்த்தங்காய் நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டார்.

தங்கைதான் அடங்கவில்லை. அதற்கு ஒன்பது மாதம், தூளியில் போட்டு ஆட்டினால்தான் கண் மூடும். பணிப்பெண் தொட்டில் என்று ஒரு பெட்டி கொண்டுவந்து மாட்டினாள். அதில் போட்டதும் பிள்ளை நீலம் பாய அழுதது. சின்னம்மா எழுந்து, சாமான் வைக்கும் தட்டின் ஓரத்திலிருந்த கம்பியைக் கையால் இழுத்துப் பார்த்தாள், மூட்டையிலிருந்து பழைய நூல்சேலையை எடுத்தாள், முடிச்சுப் போட்டாள், பிள்ளையைப் போட்டு ஆட்டத் தொடங்கினாள். பணிப்பெண் ஐயோ ஐயோ என்று ஓடிப் போய் விமானம் ஓட்டுபவரையே அழைத்து வந்துவிட்டாள். வெள்ளைச் சட்டை, தோளில் பட்டை, ஆறடி ஆள். அவர் தூளியைப் பார்த்தார், கம்பியைப் பார்த்தார், முடிச்சைப் பிடித்து ஒருமுறை ஓங்கி இழுத்தார். அது அசையவில்லை. இங்கிலீஷில் ஏதோ சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

"எறங்கும்போது மட்டும் அவுத்துடணுமாம்" என்றாள் பணிப்பெண்.

"அவருக்கும் பிள்ளைக இருக்கும்போல" என்றாள் சின்னம்மா.

அதற்குப் பிறகு மணிக்கணக்காகக் கடல். எனக்கு முகமெல்லாம் அரித்தது. பொருக்குகள் உதிரும் நேரம், சொறிந்தால் தழும்பு நிற்கும். என் பத்து விரலையும் சேர்த்து இடது கைக்குள் பிடித்துக்கொண்டாள். வலது கையால் தூளியை ஆட்டிக்கொண்டே இருந்தாள். சாப்பாடு வந்தது, எங்களுக்கு ஊட்டச் சொல்லிப் பணிப்பெண்ணிடம் கொடுத்தாள். சின்னம்மா சாப்பிடக் கை ஏது? ஒருமுறை நான் விரல்களை உருவப் பார்த்தேன். "அரிக்குதா? அரிக்கட்டும். மூஞ்சி ஒனக்கு வேணும்" என்று இன்னும் இறுக்கினாள். என் முகத்தில் இன்று ஒரே ஒரு தழும்புதான் இருக்கிறது, புருவத்துக்கு மேலே. அவளை எனக்குப் பிடிக்க ஆரம்பித்தது அங்கேதான் என்று நினைக்கிறேன். பிடித்தது என்பதுகூடச் சின்ன வார்த்தை.

சிங்கப்பூரில் இறங்கியதும் காகிதம் பார்க்கும் இடத்தில் வரிசை. மேசைக்குப் பின்னால் ஒரு வெள்ளைக்கார அதிகாரி, பக்கத்தில் ஒரு தமிழ்க் குமாஸ்தா. அதிகாரி காகிதங்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஏதோ சொன்னார்.

"அம்மா, இந்தப் பொண்ணுக்குத் தாயார் பேரு வேற போட்டிருக்கே. நீங்க இவளுக்கு என்ன வேணும்?" என்றார் குமாஸ்தா.

"சின்னம்மா."

"பெத்த தாய் கூட வரலேன்னா பிள்ளைக்குத் தனியா ஒரு பேப்பர் வேணும்மா. அது இல்லாம இவளை விட முடியாது. மத்த ரெண்டையும் கூட்டிக்கிட்டு நீங்க போகலாம்."

"எங்க எழுதியிருக்கு?"

குமாஸ்தா ஒரு தடித்த புத்தகத்தைப் புரட்டி, ஒரு வரியின் மேல் விரலை வைத்து அவள் பக்கம் திருப்பினார். "இந்தா, இங்க எழுதியிருக்கு."

அவள் கேட்ட விதியையே ஒருவர் அந்த இடத்திலேயே எடுத்துக் காட்டியதை அன்றுதான் பார்த்தேன். படிக்கத் தெரியாது என்று சொல்லித் தப்பிப்பாள் என்று நினைத்தேன். அவள் அப்படிச் சொல்லவில்லை. குனிந்து அந்த வரியையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு இடுப்பிலிருந்த தங்கையை எடுத்து, திறந்திருந்த அந்தப் புத்தகத்தின் மேலேயே படுக்கவைத்தாள். தம்பியைத் தூக்கி மேசை ஓரத்தில் உட்காரவைத்தாள்.

"எழுதியிருந்தா சரி. இதுக ரெண்டையும் நீங்களே வச்சுக்கங்க. இதுக அப்பா அங்கிட்டு வெளிய நிப்பாரு, அவருக்கிட்ட குடுத்துருங்க. நானும் இவளும் திரும்பிப் போறோம்."

குமாஸ்தா திகைத்துப்போனார். "என்னம்மா பேசுறீங்க? பால்குடிப் பிள்ளையை விட்டுட்டா?"

"ஒம்பது வயசுப் பொம்பளப்பிள்ளைய ஒத்தையா அனுப்பச் சொல்றீகளா? அவ எப்படிப் போவா? நான் கூடப் போகணும்ல?" என்று சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு வந்த வழியே திரும்பி நடந்தாள். பத்தடி போயிருப்போம். பின்னால் தங்கை வீறிட்டது, அதைக் கேட்டுத் தம்பியும் ஆரம்பித்தான். அந்தக் கூடமே கிடுகிடுத்தது. சின்னம்மாவின் ரவிக்கை பாலில் நனைந்துகொண்டிருந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

குமாஸ்தா ஓடிவந்து கூப்பிட்டார். அதிகாரி என் காகிதத்தில் முத்திரையைக் குத்தி நீட்டினார். இரக்கப்பட்டாரா, சத்தம் தாங்காமல் விட்டாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

எனக்குக் கல்யாணமான பிறகு ஒருநாள், அவள் மீன் அரிந்துகொண்டிருந்தபோது கேட்டேன். "நெசமாவே எங்கூடத் திரும்பியிருப்பீங்களா சின்னம்மா?"

"பின்னே?"

"பால்குடிப் பிள்ளையை விட்டுட்டா?"

"அதுக்குப் பால் மறக்க மூணு நாளாகும். ஒனக்கு இது மறக்குமா?" என்றாள். அரிவாள்மணையிலிருந்து தலையை எடுக்கவில்லை.

அன்றைக்கு வெளியே கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அப்பா நின்றார். எனக்கு அவர் முகம் பாதி மறந்திருந்தது. தம்பியைப் பார்த்ததும் கையை விரித்துக்கொண்டு வந்தவர், பின்னால் என்னைப் பார்த்து நின்றுவிட்டார். "இவளையுமா கூட்டியாந்தே? நான் தந்தி அடிச்சேனே" என்றார். தம்பியைத் தூக்கக் குனிந்தார்.

சின்னம்மா தம்பியைப் பின்னால் இழுத்துக்கொண்டு என்னை முன்னால் தள்ளினாள்.

"தூக்குங்க."

"யாரை?"

"இவளை. மொதல்ல இவளைத் தூக்குங்க."

"ஒம்பது வயசுப் பிள்ளையைப் போயி... சனமெல்லாம் பாக்குது."

"தூக்குங்கன்னேன்."

அப்பா என்னைத் தூக்கினார். என் கால்கள் அவர் முழங்காலுக்குக் கீழே தொங்கின. பொருக்கு உதிர்ந்த கன்னத்தை அவர் சட்டையில் வைக்கலாமா கூடாதா என்று தெரியாமல் கழுத்தை விறைத்துக்கொண்டிருந்தேன். மெல்ல வைத்தேன். அவருக்கு மூச்சு வாங்கியது. கொஞ்ச நேரத்தில் என்னை இறக்கிவிடப் பார்த்தார்.

"இன்னுங் கொஞ்ச நேரம்" என்றாள் சின்னம்மா.